பீரோ அறையில் பதிவான குரல்

அத்தியாயம் 11

தங்கை பிள்ளை பரத்வாஜின் கல்யாண ரிசப்ஷன் அன்று காலையில் ஸ்ரீரங்கன் முகச்சவரம் செய்துகொண்டே "போதும்டா சாமி, போதும்டா சாமி" என்று பாடினார். அடுப்படியில் நின்றிருந்த ஜெயலக்ஷ்மிக்கு, தோசைத் திருப்பியை அப்படியே போட்டுவிட்டு எங்கேயாவது போய்விடலாம் போல இருந்தது.

அவர் பாடியதுகூடப் பரவாயில்லை. அது தன் பெண்டாட்டியின் குரல் என்று தெரியாமல் பாடியதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அதுவும் எப்பேர்ப்பட்ட மனிதர். சபாவில் கடைசி வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாலும், மேடையில் ஒருத்தர் தொண்டையைக் கனைத்த மாத்திரத்தில் இன்னார் என்று சொல்லிவிடுவேன் என மயிலாப்பூர் முழுக்கப் பீற்றிக்கொள்கிற சபா செயலாளர்.

வாராவாரம் இந்த வீட்டுக்குள் வந்துபோகிறவர்களுக்கு விஷயம் தெரியும். இன்றைக்குத்தான் வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர்களுக்காக ஒரு மூச்சில் சொல்லிவிடலாம்.

ஸ்ரீரங்கன், ஜெயலக்ஷ்மி தம்பதிக்கு ஒரே பெண் அனன்யா. அடையாறில் ஒரு அலுவலகத்தில் வேலை, மிச்ச நேரமெல்லாம் பாட்டு. ஆவணி மாதத்தில் அவளே எழுதி, மெட்டமைத்து ஒரு தனிப்பாட்டு வெளியிட்டாள். மனசை உருக்குகிற மேற்கத்திய ஸோல் பாணியில் தமிழ் வார்த்தைகள், பின்னால் பியானோவும் பேஸ் கிடாரும் மட்டும். நன்றாகத்தான் இருந்தது. சிநேகிதிகள் கேட்டு அழுதார்கள். சிநேகிதிகளைத் தாண்டி அது எங்கும் போகவில்லை.

அப்புறம் ரீமிக்ஸ் செய்கிற வடபழனி விக்கி அதைக் கையில் எடுத்தான். வேகத்தை ஏற்றினான், அடியில் டிரம்ஸைப் போட்டான், அழுகிற பாட்டை ஆடுகிற பாட்டாக மாற்றினான். அதோடு விடாமல், அனன்யா அனுப்பிய பதிவில் அவள் பாட ஆரம்பிக்கும் முன் யாரோ ஒரு பெண்மணி சலித்துக்கொண்டு "போதும்டா சாமி" என்று சொல்லியிருந்ததைக் கத்தரித்து, தாளம் நின்று திரும்ப இடிக்கிற இடத்திலெல்லாம் ஒட்டிவிட்டான்.

அவ்வளவுதான். பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. ஷேர் ஆட்டோவில் அது, நந்தனம் கல்லூரி விழாவில் அது, நாகேஸ்வரராவ் பூங்காவில் காலை உடற்பயிற்சிக்கும் அது. அலுத்துப்போன ஒரு பொம்பளையின் குரலுக்கு ஊரே இடுப்பை ஒடித்து ஆடியது. அந்தப் பொம்பளை யார் என்பது அனன்யாவுக்கும் விக்கிக்கும் மட்டுமே தெரியும். அப்பாவிடம் மூச்சு விடக்கூடாது என்று ஜெயலக்ஷ்மி மகளிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அவராகக் கண்டுபிடிக்கிறாரா பார்ப்போமே என்று ஒரு வீம்பு. அவர் கண்டுபிடித்தபாடில்லை.

இதெல்லாம் தெரிந்த கதை. தெரியாத கதை ஒன்று இருந்தது, அதுதான் ஜெயலக்ஷ்மியை நேற்று ராத்திரி தூங்கவிடவில்லை.

பதிவு நடந்தது வீட்டுப் பீரோ அறையில். பீரோக் கதவுகளைத் திறந்து வைத்து, மிச்சப் புடவைகளைக் கொடியில் தொங்கவிட்டு, நடுவில் அனன்யா மைக்கோடு உட்கார்ந்துகொள்வாள். பட்டும் பருத்தியும் எதிரொலியைக் குடித்துவிடும் என்பாள். அன்றைக்கு ஸ்ரீரங்கன் கூடத்தில் கமிட்டிக்காரர்களை வைத்துக்கொண்டு, ஜெயா தை மாதத்தோடு பள்ளிக்கூட வேலையை விட்டுவிடுவாள், அதற்கப்புறம் சபாவுக்கு இணைச் செயலாளர் அவள்தான் என்று அறிவித்துக்கொண்டிருந்தார். கணக்கு டீச்சர் ஜெயலக்ஷ்மி அதை அடுப்படியில் காபி கலக்கும்போதுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டாள்.

டம்ளர்களைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, நேராகப் பீரோ அறைக்குள் போய், புடவை தேடுகிற சாக்கில், மனசில் இருந்ததையெல்லாம் மகளிடம் கொட்டினாள். அனன்யா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். தலையைத் தலையை ஆட்டினாள். கடைசியில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். பெண் புரிந்துகொண்டாள், சம்மதமும் சொல்லிவிட்டாள் என்று ஜெயலக்ஷ்மிக்கு அன்றைக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கப்புறம் இத்தனை நாளும் அனன்யா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. என்ன ஒரு பக்குவம் என்று தாய் உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

நேற்று சாயங்காலம் அந்தப் பக்குவசாலி வந்து, அத்தை பையன் ரிசப்ஷனுக்காக விக்கி அந்தப் பாட்டுக்கு நீளமான வடிவம் ஒன்று செய்திருக்கிறான், அதில் அம்மா பேசியது முழுசாக வருமாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

இன்று காலையிலும் வீட்டில் வைத்துப் பேச வழியில்லை. கூடத்தில் ஸ்ரீரங்கன் போனை ஸ்பீக்கரில் போட்டு, மார்கழிக் கச்சேரிக்கு யாருக்கு எந்த நேரம் என்று யாரோடோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பூ வாங்கப் போகிறோம் என்று சொல்லி மகளை இழுத்துக்கொண்டு ஜெயலக்ஷ்மி மாட வீதிக்கு வந்தாள். பூக்கடையைத் தாண்டி ஒரு ஆட்டோவை நிறுத்தி, வடபழனி என்றாள்.

ஆட்டோ லஸ் முனையில் திரும்பியதும் ஆரம்பித்தாள். நான் பேசினது என்னவென்று தெரிந்தும் எப்படி அவனுக்கு அனுப்பினாய் என்று கேட்டாள். அனன்யா முழித்தாள். விக்கி பதிவைக் கழுவாமல் கொள்ளாமல் அப்படியே கொடு, மூச்சுச் சத்தம்கூட வேண்டும் என்று கேட்டான், அதனால் கேட்டுக்கூடப் பார்க்காமல் முழுசாக அனுப்பினேன், போதும்டா சாமி என்று பாட்டில் வந்தபிறகு நீ ஏதோ புடவை கசங்கிவிட்டதென்று திட்டியிருப்பாய் என்று நினைத்தேன் என்றாள்.

"அப்போ நான் சொன்னது எதுவும் உன் காதுல விழலையா?"

"ரெண்டு காதையும் மூடி ஹெட்ஃபோன் போட்டுண்டிருந்தேன்மா. பியானோ ஓடிண்டிருந்தது."

"தலையை ஆட்டினியேடி. விரலைத் தூக்கிக் காட்டினியே."

அனன்யா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெளியே தூறல் போட ஆரம்பித்திருந்தது.

"தாளத்துக்குத் தலையை ஆட்டினேன். கண்ணைத் திறந்தா நீ வாயை அசைச்சுண்டு நின்னே. காபி வேணுமான்னு கேக்கறேன்னு நெனச்சேன்."

ஜெயலக்ஷ்மிக்குச் சுரீர் என்றது. புருஷன்தான் அப்படியென்றால் பெற்ற பெண்ணும் அப்படித்தான். இந்த வீட்டில் அவள் வாயைத் திறந்தால் காபி, மூடினால் டிபன். அதைத் தவிர அவளுக்குச் சொல்ல வேறொன்றும் இருக்கும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கோபமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. அன்றைக்குப் பதிவு முடிந்து வெளியே வந்த அனன்யா, காபி எங்கே என்று கேட்டதும் இப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதையும் கலந்து கொடுத்தாளே, அந்த வயிற்றெரிச்சலை எங்கே போய்ச் சொல்வது.

அப்படி என்னதான் சொன்னாய் என்று அனன்யா கேட்டுக்கொண்டே வந்தாள். ஒருதரம் சொன்னதே போதும், இன்னொரு தரம் சொல்ல ஜெயலக்ஷ்மியிடம் தெம்பில்லை.

பஸ் டெப்போவுக்குப் பின்னால் ஒரு மாடி அறைதான் விக்கியின் ஸ்டூடியோ. சுவரெல்லாம் பழைய மெத்தை. பாட்டின் நிஜக் குரலே படியேறி வருவதைப் பார்த்ததும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டான், டீ சொல்லட்டுமா என்றான். அந்தப் பேச்சை எடுத்துவிடு என்று ஜெயலக்ஷ்மி சொன்னதும் முகம் விழுந்துவிட்டது.

"இன்னாம்மா இது? அந்த நாலு வரிதான் பாட்டோட உசுரே. இத்தினி நாளா ஊரு கேட்டுகினு கீறது வெறும் ட்ரெய்லர். படமே ராத்திரிதான்."

ஜெயலக்ஷ்மிக்கு வந்ததே எரிச்சல். என் வீட்டு விஷயம் உனக்குப் படமா என்று கேட்டாள். அவனும் விடவில்லை. ஒரு வாரமாக அந்தக் குரலுக்காகவே தாளத்தை நிறுத்தி, நிறுத்தினதைத் திரும்ப எடுத்து, சாப்பாடு தூக்கம் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன், வெட்டு என்றால் வெட்டிவிட முடியுமா, நான் என்ன தையல்கடையா வைத்திருக்கிறேன் என்று அலுத்துக்கொண்டான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "வூட்ல எல்லாருக்கும் தெரியும்னுதாம்மா நெனச்சேன். பொண்ணு எதுர்லதான பேசினீங்க?" என்றான்.

அனன்யா அவனிடமிருந்து ஹெட்ஃபோனை வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டாள். போடு என்று சைகை செய்தாள்.

ஜெயலக்ஷ்மி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். பெண்ணின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. கீழே ஒரு பஸ் பின்னால் வரமுடியாமல் நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. ரொம்ப நேரம் கழித்துத் திரும்பியபோது அனன்யா ஹெட்ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"தனியாவாம்மா போறே?"

"ஆமா."

"பாலவாக்கத்துல வீடே பார்த்துட்டியா?"

பார்த்தாகிவிட்டது. கூட வேலை பார்த்த அன்புக்கரசி டீச்சரின் மாடிப் போர்ஷன். இரண்டு அறை, ஒரு பால்கனி. அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வேலையும் கிடைத்துவிட்டது. அப்பாவோடு சண்டை இல்லை, விவாகரத்து கிவாகரத்து என்று எதுவும் இல்லை, அவருக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது. பேச்சு ஒன்றுதான். காலையில் கண் விழித்ததிலிருந்து விளக்கணைக்கும் வரை அவர் பேச, அவள் கேட்க, வருஷக்கணக்காக இதே பாடு. அவள் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அதை அவர் முடித்துவைப்பார், அதுவும் தப்பாக. மார்கழி சீசனில் அவரைத் தவிக்கவிட மனசில்லாமல்தான் தை பிறக்கட்டும் என்று ஒத்திப்போட்டிருந்தாள். இத்தனையும் அவள் சொல்லி முடிக்கும் வரை அனன்யா குறுக்கே பேசவில்லை.

பிறகு அனன்யா அழுதாள். எனக்குக் காபி என்று தோன்றியதே, அதை நினைத்தால்தான் அசிங்கமாக இருக்கிறது என்றாள். நீ போகவேண்டாம் என்று சொல்ல வாய் வருகிறது, ஆனால் எந்த முகத்தோடு சொல்வது என்றாள். விக்கி அறையின் கோடியில் போய் எதையோ தேடுகிற மாதிரி நின்றுகொண்டான்.

கடைசியில் அவன்தான் இறங்கிவந்தான். முழுப் பேச்சும் இல்லாமல் ஒரு வடிவம், பேச்சோடு ஒரு வடிவம், இரண்டையும் கொண்டுவருகிறேன், போடப்போவது பேச்சு இல்லாததைத்தான் என்று வாக்குக் கொடுத்தான். கொடுக்கும்போதே ஒரு பெருமூச்சு விட்டான். அப்பாவிடம் இன்றைக்கே நானே சொல்லிவிடுகிறேன் என்று ஜெயலக்ஷ்மி மகளுக்கு வாக்குக் கொடுத்தாள். மூன்றாவது மனுஷனுக்குத் தெரிந்துவிட்ட விஷயம் கட்டின புருஷனுக்குத் தெரியாமல் இருப்பது நியாயமில்லை என்று அவளுக்கே பட்டது.

தியாகராய நகர் கல்யாண மண்டபத்தில் சாயங்காலமே கூட்டம் நெரிந்தது. மாப்பிள்ளை பரத்வாஜ் ஸ்ரீரங்கனின் தங்கை பிள்ளை. ஆகையால் ஸ்ரீரங்கனுக்குக் கால் தரையில் பாவவில்லை. பட்டு வேஷ்டியை மடித்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பேசித் தீர்த்தார். ஒரு கட்டத்தில் ஜெயலக்ஷ்மி அவர் கையைப் பிடித்துப் பந்தி அறைக்குப் பின்னால், கை கழுவுகிற இடத்துக்கு அழைத்துப் போனாள். அங்கேதான் ஆள் இல்லை.

"ஏன்னா, ஒரு முக்கியமான விஷயம் சொல்லணும்."

அவர், ரசம்தானே, நானும் பார்த்தேன், உப்பே இல்லை, சமையல்காரரிடம் சொல்லிவிட்டேன் என்றார். ரசம் இல்லை என்றாள். அப்படியானால் சம்பந்திக்காரர்கள் முகம் ஏன் உம்மென்று இருக்கிறது என்பதுதானே, அதற்குக் காரணம் இருக்கிறது என்று ஆரம்பித்து அதை ஒரு பாட்டம் சொன்னார். அவள் பொறுமையாக நின்றாள். மூச்சு வாங்க அவர் நிறுத்திய இடத்தில், தை மாதம் என்று ஆரம்பித்தாள்.

"அதைத்தான் சொல்ல வந்தேன். தை மாசம் நீ சார்ஜ் எடுத்துக்கறேன்னு இங்கே ரெண்டு பேர்கிட்ட சொல்லியாச்சு. அவாளுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்."

"நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்கோ. தை மாசம் நான்..."

அவர் விரலை உயர்த்தினார். ஹாலிலிருந்து மைக்கில் விக்கியின் குரல் கேட்டது. அடுத்தது எல்லோருக்கும் தெரிந்த பாட்டு என்றான். கூட்டம் ஹோவென்று கத்தியது.

"இரு இரு, அந்தப் பாட்டு வர்றது. அப்புறம் சொல்லு. ஜெயா, அந்தப் பொம்மனாட்டி குரலைக் கவனிச்சிருக்கியோ? சங்கீதம் கத்துண்டவ இல்லை. ஆனா எத்தனை சத்தியம் அந்தக் குரல்ல. எங்கேயோ ரொம்ப நொந்து போனவ. யாருன்னு தெரிஞ்சா நேர்ல போய்ப் பார்த்துட்டு வரணும்னு இருக்கு." இதைச் சொல்லிக்கொண்டே வேஷ்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆடப் போய்விட்டார்.

ஜெயலக்ஷ்மி குழாயடியில் நின்றாள். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. ஒரு குழாய் சரியாக மூடாமல் ஒழுகிக்கொண்டிருந்தது. அதை இறுக்கி மூடினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, மேடையோரத்தில் விக்கி நின்ற இடத்துக்கு நடந்தாள். பக்கத்தில் அனன்யா இருந்தாள்.

பேச்சோடு இருப்பதைப் போடு என்றாள் ஜெயலக்ஷ்மி.

விக்கி அனன்யாவைப் பார்த்தான். அனன்யா அம்மாவைப் பார்த்தாள். அப்பாவிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டாள்.

"சொல்லப் போனேன். யாரு அந்தப் பொம்மனாட்டின்னு அவருக்குத் தெரிஞ்சுக்கணுமாம். தெரிஞ்சுக்கட்டும்."

இத்தனை பேருக்கு நடுவிலா என்றாள் அனன்யா. இத்தனை பேரில் ஒருத்தருக்கும் அது யாரென்று தெரியப்போவதில்லை, தெரியவேண்டியவர் ஒருத்தர்தான் என்றாள் ஜெயலக்ஷ்மி. அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அனன்யா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். விக்கி பொத்தானை அழுத்தினான்.

பாட்டு ஆரம்பித்தது. அனன்யாவின் குரல் வேகமெடுத்து, அடியில் டிரம்ஸ் இடிக்க, மாப்பிள்ளையும் பெண்ணும் மேடையை விட்டு இறங்கி வந்தார்கள். நாற்காலிகள் ஓரம் போயின. நடுவில் ஸ்ரீரங்கன், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, தங்கையோடும் தங்கை வீட்டுக்காரரோடும் ஆடினார். நன்றாகவே ஆடினார். தாளம் அவருக்கு என்றைக்கும் தப்பாது.

டிரம்ஸ் சட்டென்று நின்றது. எதிர்பார்த்திருந்த கூட்டம் கையைத் தூக்கியபடி நின்று, குரலோடு சேர்ந்து கத்தியது. போதும்டா சாமி.

வழக்கமாக அங்கே தாளம் திரும்ப இடிக்கும். இன்றைக்கு இடிக்கவில்லை. குரல் நிற்காமல் பேசிக்கொண்டே போனது. மண்டபத்துப் பெரிய ஸ்பீக்கர்களில், புடவைகளுக்கு நடுவில் நின்று பேசிய அந்த ஈரமான, களைத்த குரல்.

"தை பொறந்ததும் பாலவாக்கம் போயிடறேன்டி. ரெண்டு ரூம் பார்த்துட்டேன். உங்கப்பாகிட்டயும் சொல்லணும். சொல்றதுன்னா அவர் ஒரு நிமிஷம் பேசாம இருக்கணுமே."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பின்வரிசையில் பெண்கள் கை தட்டினார்கள். எங்கள் வீட்டுக் கதை என்று ஒருத்தி கத்தினாள். அடுத்த நொடி டிரம்ஸ் இடித்துக்கொண்டு இறங்க, மண்டபமே குதித்தது.

ஸ்ரீரங்கன் மட்டும் குதிக்கவில்லை. தூக்கிய கை தூக்கியபடி நின்றார். பக்கத்தில் ஆடியவர்கள் அவர்மேல் இடித்தார்கள், மாமா ஆடுங்கோ என்று தோளைப் பிடித்து உலுக்கினார்கள். அவருக்கு அது உறைக்கவில்லை. கை மெல்லக் கீழே இறங்கியது. கண் கூட்டத்துக்குள் தேடியது. மேடையோரத்தில் ஜெயலக்ஷ்மியைக் கண்டதும் நின்றது.

அவள் எல்லாவற்றுக்கும் தயாராக நின்றாள். கோபித்துக்கொள்வார், இல்லை ஏதாவது ஹாஸ்யமாகப் பேசி மழுப்பிவிடுவார், அதுவும் இல்லையென்றால் குரலைப் பற்றி ஒரு விமர்சனம் சொல்வார் என்றெல்லாம் நினைத்திருந்தாள். அவர் ஆடுகிறவர்களை விலக்கிக்கொண்டு நடந்துவந்தார். வேஷ்டி நுனி தரையில் புரண்டதைக்கூடக் கவனிக்கவில்லை. அவள் எதிரில் வந்து நின்றார். உதடு அசைந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் மூடிக்கொண்டார்.

பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. அவர் பேசவில்லை. கண்ணை அவள் முகத்திலிருந்து எடுக்காமல், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஜெயலக்ஷ்மி மகளின் கையை விட்டாள். புருஷனுக்கு அருகில் போய், அந்த இரைச்சலில் அவருக்கு மட்டும் கேட்கும்படி, முதல் வார்த்தையிலிருந்து ஆரம்பித்தாள்.